யாருக்கு ஓட்டு? உபதேசியாரிடம் பங்கு மக்கள் கேட்டவை

இங்கே தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் வட்டாரத்திலும், உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது. பூசை முடிந்து டீ குடிக்கிற இடத்தில் தொடங்கிய பேச்சு, இப்போது என் வாட்ஸ்அப்பில் கேள்விகளாகக் குவிந்து கிடக்கிறது. நான் சாமியார் அல்ல, மறைக்கல்வி நடத்துகிற உபதேசியார். எந்தக் கட்சி என்று கேட்டு எழுதியவர்கள் மன்னிக்கவும், அதைச் சொல்லப் போவதில்லை.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, "இந்தக் கட்சிக்குப் போடுங்கள்" என்று ஃபாதர் ஏன் சொல்வதே இல்லை? பயமா?

பயமெல்லாம் இல்லை. குருக்கள் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் (எண் 287). நெறியைச் சொல்ல அவருக்குத் தடையில்லை. நம் டர்பன் பேராயர் டெனிஸ் ஹர்லி தலைவராக இருந்தபோது, 1957-இல், ஆயர்கள் அன்றைய அரசின் இனஒதுக்கலை (அபார்தைட்) அடிப்படையிலேயே தீயது என்று அறிக்கை விட்டார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு இளைஞர்: கருக்கலைப்பை ஆதரிக்கும் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் பாவமா அங்கிள்?

இதே கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். நேரம் எடுத்தே சொல்கிறேன்.

பிறவாத உயிரைக் கொல்வது பெரும் தீமை. அதில் திருச்சபைக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஓட்டுப் போடுகிறவரின் நோக்கத்தையும் அது பார்க்கிறது. பிறகு திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர் 2004-இல் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய குறிப்பில் இதைப் பிரித்துக் காட்டினார். கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே ஒருவருக்கு ஓட்டுப் போட்டால், அந்தத் தீமையில் நீயும் பங்காளி. அந்த நிலைப்பாட்டை நீ ஏற்காமல், வேறு காரணங்களுக்காகப் போட்டால், அது தொலைவான ஒத்துழைப்பு, அதாவது தீமைக்கு நேராகக் கை கொடுக்காதது. அதற்கு ஈடான கனமுள்ள காரணம் இருந்தால் அனுமதிக்கப்படலாம்.

"ஈடான கனம்" என்ற இடத்தில்தான் சிக்கல். அவர் டீ ஷர்ட் கொடுத்தார் என்பது காரணம் ஆகாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது: கருக்கலைப்பை எதிர்க்கிற சிலர் அதே மேடையில் மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வார்கள். நம் அரசியலமைப்பு நீதிமன்றம் 1995-இல் அதை ஒழித்தது. 2018-இல் திருச்சபைப் போதனையின் தொகுப்பான மறைக்கல்வி நூலே திருத்தப்பட்டு, அது ஏற்க முடியாதது என்று எழுதப்பட்டது. ஆகவே ஒரே ஒரு பெட்டியில் டிக் அடித்துவிட்டு மனசாட்சி சுத்தம் என்று வீட்டுக்குப் போக முடியாது.

இன்னொன்று, இதை நம்மவர்கள் யோசிப்பதே இல்லை. நீ போடுகிற ஓட்டால் நிரம்பும் நாற்காலிக்கு எதில் அதிகாரம்? 1996-இல் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்தது நாடாளுமன்றத்தில். அன்று ஆளுங்கட்சி தன் உறுப்பினர்களை மனசாட்சிப்படி ஓட்டளிக்க விடவில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் பெரும்பாலும் கட்சிப் பட்டியலுக்குத்தான் போடுகிறோம். அதில் ஒரு நல்ல கத்தோலிக்கர் பெயர் இருந்தாலும் கட்சி சொன்னபடிதான் கை தூக்குவார். அதனால் அங்கே கட்சியின் கொள்கையைப் பார். மாநகர மன்றத்தால் அந்தச் சட்டத்தைத் தொடவே முடியாது. அதன் கையில் இருப்பது தண்ணீர், குப்பை, சாக்கடை, டெண்டர். அங்கே ஒருவன் டெண்டரில் திருடுகிறானா என்பதே பெரிய ஒழுக்கக் கேள்வி.

டொங்காட்டிலிருந்து ஒரு அக்கா: நம்ம பையன், தமிழ்ப் பையன், வார்டில் நிற்கிறான். நம்மவனை விட்டுவிட்டு வேறொருவருக்குப் போடுவதா?

அக்கா, 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உங்கள் ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, பல மாதம் வாளியோடு டேங்கர் லாரிக்குக் காத்திருந்தீர்களே. அப்போது அந்தப் பையன் எங்கே இருந்தான்? வரிசையில் உங்களோடு நின்றானா, முறைசாரா குடியிருப்பில் இருக்கிறவர்களுக்கும் தண்ணீர் போகிறதா என்று கேட்டானா? கேட்டிருந்தால் தாராளமாகப் போடுங்கள். மற்றபடி, 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் "அவர்கள் வருவார்கள், நான்தான் காவல்" என்று பயம் காட்டி ஓட்டுக் கேட்கிறவன் நம் சாதிசனமாகவே இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

வெருலத்திலிருந்து ஒருவர்: மீலிமீல் (சோள மாவு), எண்ணெய், டின் மீன் எல்லாம் வைத்த பார்சலை வாங்கிவிட்டேன். வாக்குக் கொடுத்தும் விட்டேன். மீறலாமா?

மீறலாம். ஓட்டு ரகசியம், யாரும் பார்க்க முடியாது. ஓட்டை விற்பதாகச் சொன்ன வாக்கு உங்களைக் கட்டாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து ஒரு தாத்தா: 1984-இல் ஓட்டுப் போடாமல் புறக்கணித்தோம். அது சரி என்றால் இப்போது வீட்டில் இருப்பது மட்டும் தப்பா?

தாத்தா, 1984-இல் நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனி சபை வைத்தபோது, பதிவு செய்தவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போடப் போனார். கறுப்பின மக்களை வெளியே நிறுத்திவிட்டு நமக்கு மட்டும் நீட்டிய சீட்டு அது. அதை வாங்குவதே அநியாயத்துக்கு ஒப்புதல். நீங்கள் செய்தது சரி. இன்று எல்லாருக்கும் ஒரே சீட்டு. ஓட்டளிப்பதை வரி கட்டுவதோடு சேர்த்துக் கடமை என்கிறது மறைக்கல்வி நூல் (எண் 2240). 2024-இல் அமெரிக்கத் தேர்தல் பற்றிக் கேட்டபோது, திருத்தந்தை பிரான்சிஸ், ஓட்டுப் போட வேண்டும், குறைந்த தீமையைத் தேர்ந்தெடுங்கள், எது என்று அவரவர் மனசாட்சியே முடிவு செய்யட்டும் என்றார். உங்கள் அலுப்பு எனக்குப் புரிகிறது, எனக்கும் உண்டு. ஆனால் போடாத ஓட்டும் சரி, செல்லாத சீட்டும் சரி, எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்ற கணக்கில் வராது.

மீண்டும் சாட்ஸ்வொர்த் சகோதரி: தப்பான கட்சிக்குப் போட்டுவிட்டால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?

விசாரித்து, ஜெபித்து, நேர்மையாகப் போட்டு அவர்கள் பிறகு ஏமாற்றினால், அது அவர்கள் பாவம். எதையும் படிக்காமல் பழக்கத்தில் போட்டிருந்தால் சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் இளைஞர்: உள்ளாட்சியில் இரண்டு சீட்டு தருகிறார்களே. வார்டில் ஒருவருக்கும், கட்சிச் சீட்டில் வேறு கட்சிக்கும் போடலாமா?

போடலாம் தம்பி. டர்பனில் ஒன்று ஆளுக்கு, ஒன்று கட்சிக்கு. என் வீட்டிலேயே அப்படித்தான் நடக்கும். யாருக்கு என்று என் மனைவி எனக்கே சொல்லமாட்டாள்.