வேல்ஸ் கரைந்துபோனதா?

கேள்வி: அயர்லாந்து ரத்தம் சிந்தித் தனி நாடானது. ஸ்காட்லாந்து பொது வாக்கெடுப்பு வரை போய்ப் பார்த்தது. பக்கத்தில் இருக்கும் வேல்ஸ் மட்டும் எதிர்ப்பே காட்டாமல் இங்கிலாந்தோடு கரைந்துபோனது ஏன்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கரைந்துபோனது என்கிறீர்கள். அப்படியானால் தண்ணீரிலிருந்தே ஆரம்பிப்போம்.

வட வேல்ஸில் பாலா என்ற ஊருக்குப் பக்கத்தில் ட்ரவெரின் பள்ளத்தாக்கு. அதில் காப்பெல் கெலின் என்றொரு கிராமம். பள்ளிக்கூடம், தபால் நிலையம், தேவாலயம், இடுகாடு, கொஞ்சம் வீடுகள், சுற்றிலும் பண்ணைகள். ஊர் முழுக்க வெல்ஷ் மொழிதான். இங்கிலாந்தின் லிவர்பூல் மாநகராட்சிக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்ட முடிவு செய்தது. வேல்ஸில் உள்ள உள்ளாட்சிகளிடம் அனுமதி கேட்டால் கிடைக்காது என்று தெரியும். அதனால் நேரே லண்டன் நாடாளுமன்றத்துக்குத் தனி மசோதாவாகக் கொண்டுபோனது. சட்டமே அனுமதி கொடுத்துவிட்டால் அப்புறம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

1956 நவம்பரில் ஊர்க்காரர்கள் லிவர்பூலுக்கே போய்த் தெருவில் ஊர்வலம் நடத்தினார்கள். 1957இல் மசோதா நிறைவேறியது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. இங்கிலாந்து உறுப்பினர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் அது செல்லுபடியாகவில்லை. இடுகாட்டிலிருந்து சில உடல்களை மட்டும் தோண்டி வேறிடம் கொண்டுபோனார்கள். மீதிப் பேர் அங்கேயே கிடக்க, மேலே கான்கிரீட் போட்டார்கள். பிறகு தண்ணீரை நிறைத்தார்கள். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. அந்த ஏரியிலிருந்து லிவர்பூலுக்கு நேராகக் குழாய் ஏதும் போகவில்லை. ஏரி நீரைத் திறந்து டீ ஆற்றில் விடுகிறார்கள். ஆறு இங்கிலாந்து எல்லைக்குப் போனபின் செஸ்டர் பக்கத்தில் எடுத்துக்கொள்கிறார்கள்.

1965 அக்டோபர் 21, திறப்பு விழா. எதிர்ப்பாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு வந்தார்கள். மைக் ஒயரை அறுத்துவிட்டார்கள். மேடையில் இருந்தவர்கள் பேசியது யார் காதிலும் விழவில்லை. சில நிமிடங்களில் விழாவை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் கார்மார்தன் இடைத்தேர்தல். 1925இல் தொடங்கிய வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரி அதுவரை ஒரு இடம்கூட ஜெயித்ததில்லை. அதன் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். 2005இல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது. ஊர் இன்னும் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது.

"எதிர்ப்பே காட்டாமல்" என்ற உங்கள் வார்த்தைகளை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டால்தான் எதிர்ப்பு என்று எண்ணுகிற பழக்கம் நம் வாசகர்களிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பலமுறை அதோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஆயுதம்தான் கணக்கு என்றால் அதுவும் வேல்ஸில் உண்டு. 1400இல் ஓவைன் க்ளின்டூர் கிளப்பிய கலகம் பத்தாண்டுக்கு மேல் ஓயவில்லை. 1404இல் மகன்லெத் என்ற ஊரில் தனி நாடாளுமன்றமே கூட்டினார். தோற்றார், அவ்வளவுதான். ஆனால் வேல்ஸ் ஜெயித்த சண்டைகள் வேறு மாதிரியானவை. அவை வரி நோட்டீஸிலும் சம்மனிலும் நடந்தவை.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. எட்டாம் ஹென்றி 1536இல் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தபோது, நீதிமன்றம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், ஆங்கிலம் புழங்காதவருக்கு அரசுப் பதவி கிடையாது என்று எழுதிவைத்தார். வீட்டில் வெல்ஷ், வயலில் வெல்ஷ், தேவாலயத்தில் வெல்ஷ்; அரசாங்கத்தின் வாசலை மிதித்தால் ஆங்கிலம். நானூறு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு மொழியை அடித்து விரட்ட வேண்டியதே இல்லை, அதனால் ஒரு காரியமும் ஆகாது என்று ஆக்கிவிட்டால் போதும்.

1952இல் தென் வேல்ஸின் லாங்கெனெக் கிராமத்தில் ட்ரெவோர் பீஸ்லி, ஐலின் பீஸ்லி தம்பதிக்கு வீட்டு வரி நோட்டீஸ் வந்தது. அவர் சுரங்கத் தொழிலாளி, அம்மையார் ஆசிரியையாக இருந்தவர். நோட்டீஸை வெல்ஷில் அனுப்புங்கள், வரியைக் கட்டுகிறோம் என்று எழுதிப் போட்டார்கள். அந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் பேசுவது வெல்ஷ். கவுன்சிலர்கள் பேசுவதும் அதுவே. ஆனாலும் முடியாது என்றார்கள். பீஸ்லிகள் வரி கட்டவில்லை. பத்து முறைக்கு மேல் கோர்ட்டு ஏறினார்கள். அமீனா வந்து ஜப்தி செய்தார். பியானோ போனது, மேஜை நாற்காலி போனது. திரும்பவும் நோட்டீஸ், திரும்பவும் அதே பதில். இப்படி எட்டு வருஷம். 1960இல் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த நோட்டீஸ் வந்தது. அன்றைக்கே கட்டிவிடுகிற காசுதான் அது.

இந்த முறையின் பலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வரியே கட்ட மாட்டேன் என்றிருந்தால் ஊர்க்காரர்களே ஏசியிருப்பார்கள். இவர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தாள் கொடு என்றுதான் கேட்டார்கள். கொடுக்க மறுக்கிற அதிகாரிக்குச் சொல்ல நியாயமான பதில் ஒன்றும் இல்லை. ஜப்திக்கு ஆளனுப்பும் ஒவ்வொரு முறையும் அவர்தான் ஊர் முன்னால் தலைகுனிய வேண்டியிருந்தது.

எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் 1962 பிப்ரவரியில் வானொலியில் பேசியபோது இந்தத் தம்பதியைத்தான் எடுத்துக்காட்டினார். வெல்ஷ் இல்லாமல் உள்ளாட்சி நிர்வாகமே நடத்த முடியாதபடி செய்யுங்கள் என்றார். தன் கட்சியான ப்ளைட் கம்ரியை மனதில் வைத்துத்தான் பேசினார். கட்சி அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அதே ஆண்டு இளைஞர்கள் வெல்ஷ் மொழிச் சங்கம் தொடங்கினார்கள். அபெரிஸ்ட்வித் ஊரில் ஒரு இளைஞர் சைக்கிளில் டபுள்ஸ் போய் மாட்டிக்கொண்டார். சம்மன் ஆங்கிலத்தில் வந்தது. வாங்க மாட்டேன் என்று ஓர் இரவு லாக்கப்பில் இருந்தார். 1963 பிப்ரவரி 2ஆம் தேதி, எல்லோரும் சம்மன் வாங்கியே தீருவது என்று கிளம்பித் தபால் நிலையத்தில் சுவரொட்டி ஒட்டினார்கள். போலீஸ் ஒருவரையும் பிடிக்கவில்லை. கைதாக வந்தவர்களைக் கைது செய்யாமல் விட்டால் போராட்டமே படுத்துவிடும். இந்த வகைப் போராட்டத்தின் பலவீனம் அதுதான். உடனே ட்ரெவெகன் பாலத்துக்குப் போய்ச் சாலையில் உட்கார்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். அப்போதும் கைது இல்லை. ஆனால் செய்தி நாடெங்கும் போய்விட்டது.

அதன் பிறகு ஊர்ப்பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தின் மேல் பச்சைப் பெயின்ட். அதற்குப் பிறகு தொலைக்காட்சி. வெல்ஷ் அலைவரிசை தருவோம் என்று 1979 தேர்தலில் வாக்குக் கொடுத்த கன்சர்வேட்டிவ் கட்சி, ஜெயித்து ஆட்சிக்கு வந்ததும் கைவிரித்தது. ஏறத்தாழ 2,000 பேர் டிவி லைசென்ஸ் கட்டணம் கட்ட மாட்டோம் என்றார்கள். கார்மார்தனில் ஜெயித்த அதே எவன்ஸ், 1980 அக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம் என்று ஐந்து மாதம் முன்பே தேதி குறித்து அறிவித்தார். அந்த இடைவெளி முழுக்க ஊர் ஊராகக் கூட்டம். செப்டம்பரில் தாட்சர் அரசு பணிந்தது. 1982 நவம்பர் 1 அன்று எஸ்-4-சி என்ற வெல்ஷ் அலைவரிசை ஒளிபரப்பு தொடங்கியது. உண்ணாவிரதம் தேவைப்படவே இல்லை.

உங்கள் கேள்வியில் உண்மை இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1979 மார்ச்சில் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது வேல்ஸில் வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். 1997இல் அதே கேள்விக்கு ஆம் என்ற பக்கம் 6,721 வாக்கு வித்தியாசத்தில்தான் தேறியது. மொழி பேசுவோரும் குறைந்துவிட்டார்கள்: 1911இல் நூற்றுக்கு 43 பேர், 2021இல் 18 பேருக்கும் குறைவு. பலகையில் வெல்ஷ் மேலேயும் ஆங்கிலம் கீழேயும் இருக்கிறது. அந்தப் பலகை இருக்கும் கடலோரக் கிராமத்தில், விடுமுறைக்கு மட்டும் வந்து போகிறவர்கள் வீடுகளை வாங்கிக் குவிக்க, ஊர்ப்பிள்ளைகளுக்கு வீடு கிடைப்பதில்லை. இப்படிப்பட்ட இரண்டாம் வீடுகளுக்கு வழக்கமான வரிக்கு மேல் 300 சதவீதம் வரை கூடுதலாகப் போடலாம் என்று 2023 ஏப்ரல் முதல் வேல்ஸ் அரசு உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. வடமேற்கு வேல்ஸின் க்வினெத் கவுன்சில் 150 சதவீதம் போட்டது. முழு 300ஐயும் போட்டிருக்க வேண்டும் என்பது என் வாதம்.