திங்க்பேடைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

நண்பரே, மொழிபெயர்ப்பு வேலைக்குப் பழைய திங்க்பேட் டி480 லேப்டாப் வாங்கியதைச் சொன்னதும் "கறுப்புச் செங்கல்", "மேக்புக் வாங்க வக்கில்லையா" என்று பலர் கேலி செய்ததாகவும், திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நல்ல பொருளைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவருக்குக் கீபோர்டுதான் முக்கியம். நானும் இதே மாடலில்தான் வேலை செய்கிறேன். கீபோர்டின் நடுவில் உள்ள, கர்சரை நகர்த்தும் சிவப்புக் குமிழ் பழகிவிட்டால் டச்பேடு பக்கம் விரல் போகவே போகாது. 2018 மாடல்தான், ஆனாலும் உங்களுடையதில் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் இருந்தால் விண்டோஸ் 11 முறைப்படியே ஓடும். ரேமுக்கு, அதாவது தற்காலிக நினைவகத்துக்கு, இரண்டு இடம் உண்டு. அடிமூடியைக் கழற்றி நீங்களே கூட்டிக்கொள்ளலாம். இரண்டு பேட்டரிகளில் வெளியே இருப்பதைக் கையாலேயே மாற்றலாம். இன்றைய மேக்புக்கில் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது.

மேக்புக்கின் திரை இதைவிட நல்லது, சார்ஜும் அதிக நேரம் நிற்கும். வீடியோ எடிட் செய்கிறவர் அதை வாங்கட்டும், உங்கள் வேலை வேறு. கேட்பவர்களிடம் இதையே சொல்லுங்கள், மேற்கொண்டு வாதாட வேண்டாம்.

அப்புறம், இதைத் தயாரிக்கும் லெனோவோவின் தளத்திலிருந்து தண்டர்போல்ட் ஃபர்ம்வேரை (டைப்-சி போர்ட்டை இயக்கும் சிப்பின் உள் மென்பொருளை) இன்றே புதுப்பித்துவிடுங்கள். பழைய பதிப்பில் டைப்-சி போர்ட் செயலிழக்கும் கோளாறு உண்டு.