அனெல்பிஸ்தொன்: எதிர்பாராததா, நம்பிக்கை அற்றதா?

கேள்வி: பண்டைக் கிரேக்கத் தத்துவஞானி ஹெராக்ளிட்டஸின் 18ஆம் துணுக்கைத் தமிழாக்கி வருகிறேன். ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘எதிர்பாராதது’ என்றும் இன்னொன்றில் ‘நம்பிக்கைக்கு எட்டாதது’ என்றும் இருக்கிறது. எதைப் பின்பற்றுவது?

பதில்: இருவர் மேலும் பிழை சொல்ல முடியாது. மூலத்தில் இருக்கும் சொல் ‘அனெல்பிஸ்தொன்’. முன்னால் நிற்கும் ‘அன்’ எதிர்மறை. நம் ‘அநாதி’யில் வருவதன் உறவுக்காரன்தான். மிச்சம் ‘எல்பிஸ்’. இன்றைய கிரேக்கர்களுக்கு ‘எல்பிதா’ என்றால் நம்பிக்கை மட்டுமே. பழைய ‘எல்பிஸ்’ அப்படியல்ல. வரப்போவதைப் பற்றிய எண்ணம், நல்லதோ கெட்டதோ.

ஹெராக்ளிட்டஸே 27ஆம் துணுக்கில், மனிதர் இறந்தபின் அவர்களுக்குக் காத்திருப்பவை அவர்கள் எதிர்பார்க்காதவை, நினைத்தும் பாராதவை என்கிறார். அங்கே இதே வேரிலிருந்து வரும் வினையை ‘நம்பாதவை’ என்று பெயர்த்தால் பொருள் திரிந்துவிடும். கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் வேறு பக்கம் போகிறார். ஏதென்ஸ் கொள்ளைநோயை (கி.மு. 430) விவரிக்கும்போது, நோய் தொற்றியது தெரிந்ததுமே மக்கள் மனம் ‘அனெல்பிஸ்தொன்’ பக்கம் சாய்ந்தது என்கிறார். அது எதிர்பாராத்தன்மை இல்லை; ‘இனிப் பிழைக்கமாட்டோம்’ என்று கைவிட்ட நிலை. ஆக, அகராதியில் முதலில் போட்டிருக்கும் பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள்.

உங்கள் வரிக்கு ‘எதிர்பார்’ என்பதையே நான் எடுப்பேன். காரணம், மூலத்தில் வினையும் பெயரும் ஒரே வேர்: எல்பேதாய், அனெல்பிஸ்தொன். தமிழிலும் அந்த மோதல் அப்படியே கேட்கும்:

‘எதிர்பாராததை எதிர்பார்க்காவிட்டால் கண்டடைய முடியாது, அது துருவித் தேட இயலாதது, வழியற்றது.’

‘நம்பிக்கை’ என்று போட்டால் தமிழில் அது கடவுள் நம்பிக்கை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடும். இன்னொரு வசதியும் உண்டு. மூலத்தில் எழுவாய் இல்லை. ‘எதிர்பார்க்காவிட்டால்’, ‘முடியாது’ இரண்டிலும் அவனுமில்லை, அவளுமில்லை. ஆங்கிலத்துக்காரர்கள் இங்கே ஓர் ஆளை நுழைத்தாக வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒரு காற்புள்ளித் தகராறு மிச்சமிருக்கிறது. இந்த வரி பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் அலெக்சாண்டிரியாவின் கிளெமென்ட் எடுத்தாண்டதால்தான் நமக்குக் கிடைத்தது. காற்புள்ளியை அனெல்பிஸ்தொனுக்கு முன்னால் வைப்பவர்களும் உண்டு. அப்போது ‘எதிர்பார்க்காவிட்டால், எதிர்பாராததைக் கண்டடைய முடியாது’ என்றாகும். முதல் வாசிப்பையே வைத்துக்கொண்டு, இதை அடிக்குறிப்பில் கொடுத்துவிடுங்கள்.