கூட்டத்தொடர் முடிந்தால் வடிகால் வருமா?

கேள்வி: எங்கள் தெருவுக்கு மழைநீர் வடிகால் கேட்டால், 'சட்டசபைக் கூட்டத்தொடர் முடியட்டும்' என்கிறார் கவுன்சிலர். மாநகராட்சிக்குத்தான் தனி பட்ஜெட் இருக்கிறதே? கோட்டையில் நடப்பதற்கும் எங்கள் தெருவுக்கும் என்ன சம்பந்தம்? (மதுரை வாசகர்)

பதில்: சம்பந்தம் உண்டு. உங்கள் கவுன்சிலர் சொல்கிற அளவுக்கு இல்லை.

சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை எல்லாம் மாநகராட்சியின் சொந்தப் பணம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கென்று ஒதுக்கும் 10 சதவீதத்தில் ஒரு பங்கும் வரும். மின்கட்டண பாக்கி, ஓய்வூதியப் பங்கு, கடன் தவணை என்று வழியிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்புவார்கள். கூட்டத்தொடரை நம்பி நிற்பது முக்கியமாகத் திட்டப் பணம்.

நகராட்சி நிர்வாகத் துறையின் மானியக் கோரிக்கை (துறைச் செலவுக்குச் சபையின் ஒப்புதல் கேட்பது) வரும் நாளில் அமைச்சர் அறிவிப்புகளை வாசிப்பார். விவாதமே இல்லாமல் சட்டசபை விதி 110-ன் கீழ் முதல்வர் அறிவிப்பதும் உண்டு. மேசை தட்டி ஓய்ந்த பிறகுதான் வேலையே ஆரம்பம்: விரிவான திட்ட அறிக்கை, நிர்வாக ஒப்புதல் அரசாணை, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர். டெண்டருக்கு மட்டுமே 2 கோடி ரூபாய் வரை குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஏப்ரலில் அறிவித்தது பணி ஆணையாகக் கைக்கு வருவதற்குள் புரட்டாசி பிறந்துவிடும். ஐப்பசி மழையில் யார் பள்ளம் தோண்டுவது?

தேர்தல் வந்தால் இன்னும் மோசம். 2024-ல் மாநில பட்ஜெட் பிப்ரவரி 19, சென்னை மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி 21. மக்களவைத் தேர்தல் குறுக்கிட்டதால் மானியக் கோரிக்கைகள் ஜூனில்தான் சபைக்கு வந்தன. துறை என்ன அறிவிக்கப்போகிறது என்று தெரிவதற்கு நான்கு மாதம் முன்பே மாநகராட்சி வரவு செலவு எழுதி முடித்துவிட்டது.

யாரும் வாய் திறக்காத சங்கதி வேறு. பல திட்டங்களின் அரசாணையில் 'உள்ளாட்சிப் பங்கு' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். கோட்டை பேருந்து நிலையம் என்று சொன்னால், அந்தப் பங்கை வைக்க மாநகராட்சி தன் சொந்தப் பணத்தைத் திருப்பும். தெருவிளக்கும் வாய்க்கால் தூர்வாரலும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். வரி விஷயத்திலும் இதே கதைதான். 2022-ல் உங்கள் ஊர் போன்ற மாநகராட்சிகளில் வீட்டு வரியை 25 முதல் 100 சதவீதம் வரை உயர்த்தச் சொன்னது மாநில அரசு. தீர்மானம் போட்டுத் திட்டு வாங்கியது மாமன்றம்.

இனி உங்கள் தெரு. ஊர் முழுக்க வடிகால் என்றால் கோட்டைப் பணம் வேண்டும், காத்திருக்கத்தான் வேண்டும். ஒரு தெருவுக்கு 150 மீட்டர் என்றால் மாநகராட்சிப் பொது நிதியே தாங்கும். எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதியும் ஆண்டுக்கு 3 கோடி இருக்கிறது.

வார்டு மக்கள் பகுதி பகுதியாகக் கூடும் பகுதி சபையின் அடுத்த கூட்டத்தில் இரண்டே கேள்வி கேளுங்கள். எங்கள் தெரு எந்த அரசாணையில் இருக்கிறது, எண்ணும் தேதியும் என்ன? அப்படி எதுவும் இல்லையென்றால், உதவிப் பொறியாளர் மதிப்பீடு போட்டாரா, எவ்வளவு? மதிப்பீடே போடவில்லை என்று பதில் வந்தால், ஆயிரம் கூட்டத்தொடர் முடிந்தாலும் உங்கள் தெருவில் தண்ணீர் அப்படியேதான் நிற்கும்.