“கோபத்தில் செய்துவிட்டாள், இனி சரியாகிவிடும்” என்று விட்டுவிடலாமா?

கேள்வி: 23 வயதுத் தங்கை. கணவருடன் சண்டை வந்த அன்று தற்கொலைக்கு முயன்றாள். நான்கு நாள் சிகிச்சைக்குப் பின் இப்போது வீட்டில் சிரித்துப் பேசுகிறாள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். “அவளுக்கென்ன பைத்தியமா?” என்கிறார் மாமியார். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

தற்கொலையில் இறப்பவர்களில் ஆண்கள் அதிகம். முயன்று பிழைப்பவர்களில் பெண்களும் இளவயதினரும் அதிகம். பல முயற்சிகள் சண்டையின் சூட்டில், முன்திட்டமின்றி நடப்பவை. ஆகவே ‘கோபத்தில் செய்தது’ உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒருமுறை முயன்றவர் மீண்டும் முயலும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். வீடு திரும்பிய முதல் வாரமும் அடுத்த மூன்று மாதமும்தான் கவலைக்குரியவை. இப்போதைய சிரிப்பு எல்லோரும் சூழ்ந்திருப்பதால் வந்த நிம்மதியாக இருக்கலாம். சண்டைக்கான காரணம் அப்படியேதானே இருக்கிறது?

மருத்துவர் தங்கையிடம் தனியாகப் பேச வேண்டும். மாமியாரும் கணவரும் வெளியே இருக்கட்டும். முன்பே யோசித்திருந்தாரா, ஆளில்லாத நேரம் பார்த்தாரா, பிழைத்தது இப்போது நிம்மதியா வருத்தமா என்று கேட்பார். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்ப்பார். வீட்டில் குடி, அடி உண்டா என்பதையும் விசாரிப்பார். அடி இருந்தால் மாத்திரை மட்டும் போதாது.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் சிலருக்குத் தொடக்கத்தில் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம். அப்படியானால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு வார மருந்துக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். பூச்சிமருந்து இருந்தால் வீட்டை விட்டே அகற்றுங்கள்.

“சாகணும்னு இப்பவும் தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

பலரும் கோட்டைவிடுவது தொடர் கவனிப்பில்தான். சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், பிழைத்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேசி, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். அந்தக் குழுவில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2. விசாரித்த நாட்கள் 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்கள். இந்த வரிசையைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

போலீசைப் பற்றி: மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது நடைமுறை. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது, தண்டனை இல்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் சட்டப் புத்தகத்திலேயே இல்லை.

இரவில் தடுமாறினால் 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) அல்லது 104 (தமிழக அரசின் மருத்துவ உதவி எண்) எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பு: 044-24640050. தங்கையின் போனிலும் இவற்றைப் பதிந்து கொடுங்கள்.