தென்னைக்கு வைக்கும் சாப்பாடு கொன்றைக்கு ஆகாது

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கு மேற்கே, தென்னையிலிருந்து பத்தடி தள்ளி ஒரு சரக்கொன்றை வைத்தேன். பதினைந்தடி வளர்ந்தும் ஒரு பூ இல்லை. இந்த மழையில் பச்சைப் புழு வேறு இலையெல்லாம் தின்றுவிட்டது. இதை வெட்டிவிட்டுச் செம்மயிற்கொன்றை வைக்கலாம் என்கிறார் அம்மா. செய்யலாமா ஐயா?

பதில்: வெட்டிவிடாதீர்கள். உங்கள் மரத்துக்கு நோய் ஒன்றும் இல்லை, சாப்பாடுதான் அதிகம்.

காய்க்கும் தென்னைக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரமும் 1.3 கிலோ யூரியாவும் வைக்கச் சொல்கிறோம். பத்தடியில் நிற்கும் கொன்றையின் வேர் அந்த வட்டப்பாத்திக்குள் எப்போதோ நுழைந்திருக்கும். தழைச்சத்தும் ஈரமும் ஓயாமல் கிடைத்தால் மரம் தழைத்துக்கொண்டே போகும், பூக்க நினைக்காது. கொறங்காட்டில், அதாவது மழையை நம்பிய மேய்ச்சல் நிலத்தில், நிற்கும் வெள்வேலுக்கு யார் தண்ணீர் கட்டுகிறார்கள்? கொன்றையும் அப்படிக் காய்ந்து பழகிய நம் மண்ணின் மரம். பங்குனியில் இலையைக் கொட்டி, வெறுங்கிளையாக நின்று, சித்திரை வெயிலில் சரம் சரமாக மஞ்சள் இறக்குவதுதான் அதன் இயல்பு.

அதனால் கொன்றை இருக்கும் பக்கத்தில் தென்னம்பாத்தியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். உரத்தைத் தென்னைக்கு மறுபக்கம் வைத்து மூடுங்கள். தை பிறந்ததும் கொன்றைக்கு நேர்த்தண்ணீரை நிறுத்திவிடுங்கள். இலை பழுத்து உதிரும்போது, பட்டுப்போகிறதோ என்று பயந்து குடத்தைத் தூக்க வேண்டாம். கவாத்து செய்வதானால் பூ ஓய்ந்த பிறகு ஆனியில் செய்யுங்கள்; மார்கழியில் வெட்டினால் பூ வர வேண்டிய குச்சியே போய்விடும். விதைக்கன்று முதல் பூவுக்கு ஆறேழு ஆண்டு எடுத்துக்கொள்வதும் உண்டு.

புழுவுக்கு மருந்தே அடிக்காதீர்கள். அது கொன்றை வெள்ளையன் என்ற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. ஒரு கிளையைத் தாழ்த்திப் பாருங்கள்: இலையின் நடுநரம்போடு ஒட்டி, அதே பச்சையில், பக்கவாட்டில் ஒரு வெளிர்கோட்டோடு படுத்திருக்கும். தின்றது தின்றதுதான், மரம் மறுபடி துளிர்த்துவிடும்.

செம்மயிற்கொன்றையை அந்த இடத்தில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் மடகாஸ்கரிலிருந்து வந்த அந்த மரத்தின் கிளை சட்டென்று முறியும். வேர் மேலாக ஓடித் திண்ணையையும் தண்ணீர்த் தொட்டியையும் பெயர்க்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று உங்கள் தோட்டத்தில் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று யோசியுங்கள். மேற்கே நிற்கும் மரம் முறிந்தால் ஓட்டின் மேல்தான் விழும். ஆசை விடவில்லை என்றால் கிழக்கே, களத்தைத் தாண்டி, முப்பது நாற்பது அடிக்கு அப்பால் வையுங்கள்.

அம்மாவுக்கு வாசலோரம் ஒரு பவளமல்லி வைத்துக் கொடுங்கள். அரைநிழலே அதற்குப் போதும். இரவில் மலர்ந்து விடியலில் தானாக உதிரும். சாணி தெளித்த வாசலில் வெள்ளை இதழ் கவிழ்ந்து, பவள நிறக் காம்பு மேலே தெரியக் கிடக்கும். கீழே விழுந்தாலும் பூசைக்கு ஆகும் என்று நம் பெரியவர்கள் பொறுக்கியெடுக்கும் பூ அது. மழை ஓய்வதற்குள் நட்டால் கன்று பிடித்துக்கொள்ளும்.

இரண்டு சித்திரை பாருங்கள். அதற்கும் பூக்கவில்லை என்றால் தென்னை நிழல்தான் தடுக்கிறது. கொன்றைக்கு நாளில் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். எத்தனை மணிக்கு வெயில் மரத்தின் மேல் விழுகிறது, எத்தனை மணிக்கு விலகுகிறது என்று குறித்து எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.