ஊர்க் கிணற்றில் தானாகப் பழகிய நீச்சலை 35 வயதுக்கு மேல் சரியான ஃப்ரீஸ்டைலாக மாற்ற முடியுமா?

கிணற்றில் பழகியவர், வயது 35, மதுரையில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்ந்திருக்கிறீர்கள், 25 மீட்டர் போவதற்குள் மூச்சு வாங்குகிறது. கோச் இல்லாமல் அதை ஃப்ரீஸ்டைலாக (குப்புறக் கிடந்து, கைகளை மாறி மாறி வீசி நீந்துவது) மாற்ற முடியுமா, கையில் மாட்டும் பேடில் வாங்கலாமா என்பது கேள்வி.

முடியும். இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

நான் வாடிப்பட்டிப் பக்கம். எங்கள் வயல் கிணற்றில் சித்தப்பாதான் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டார். வைகையில் இருக்கும் பேரணையிலிருந்து பெரியார் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் கிணறும் மேலேறி வந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு ஓடுவோம். மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதிக்கிற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. வயதுக்கு வந்ததும் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று அப்பத்தா சொல்லிவிட்டார். அண்ணன்கள் போனார்கள், நான் போகவில்லை. மறுபடி தண்ணீரில் இறங்கும்போது எனக்கு நாற்பது நெருங்கியிருந்தது.

மதுரையில் சேர்ந்த குளத்தில், நான் ஒரு தடவை அந்தப் பக்கம் போய் வருவதைப் பார்த்துவிட்டு அங்கிருந்த பயிற்சியாளர், "கிணத்து நீச்சலாம்மா? இதைத் திருத்த முடியாது. ஒண்ணுமே தெரியாம வந்திருந்தாக்கூட சொல்லிக் கொடுத்திரலாம்" என்றார். அந்தப் பேச்சு இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. உங்களிடமும் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் கேட்கிறீர்கள்.

கிணற்று நீச்சலில் குறை ஒன்றுதான். எங்கள் பக்கத்துக் கிணறு சுவருக்குச் சுவர் முப்பது அடி இருந்தால் பெரிது. ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு கையை வீசினால் அது தீருவதற்குள் எதிர்ப்பக்கத்துப் படிக்கல்லைப் பிடித்துவிடலாம். நீந்திக்கொண்டே மூச்சை விட்டு வாங்கும் தேவை அங்கே வருவதே இல்லை. குளம் 25 மீட்டர் என்றால் 82 அடி. உங்களுக்கு நீச்சல் தெரியாமல் மூச்சு வாங்கவில்லை, இந்த நீளத்துக்கு மூச்சைப் பழக்கவில்லை, அவ்வளவுதான். தலையைத் தூக்கியே நீந்துவதற்கும் காரணம் இருக்கிறது. மேலேயிருந்து யார் குதிக்கிறார்கள், பம்புசெட் குழாய் எங்கே என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரில் பந்து விளையாடும் வாட்டர் போலோக்காரர்கள் இன்றும் தலையைத் தூக்கித்தான் நீந்துகிறார்கள். 1922-இல் 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் முதன்முதலாக நீந்திய ஜானி வைஸ்முல்லர் (பிறகு டார்ஜானாக நடித்தவர்) தலையும் நெஞ்சும் மேலே தெரிய நீந்தியவர்தான். ஆகவே நாம் கற்றது தப்பான நீச்சல் என்று யாரும் சொல்ல வேண்டாம். நீண்ட தூரத்துக்கு அதில் சக்தி அதிகம் செலவாகும், அதனால் மாற்றிக்கொள்கிறோம்.

முதலில் மூச்சை வெளியே விடப் பழகுங்கள், கை காலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரில் திணறுவதற்குப் பெரும்பாலும் காரணம் காற்று போதாதது இல்லை, உள்ளே சேர்ந்த கரியமில வாயு வெளியேறாததுதான். முகம் தண்ணீருக்குள் இருக்கும்வரை அடக்கி வைத்துவிட்டு, தலையைத் திருப்புகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் இரண்டும் அரைகுறையாகத்தான் நடக்கும். ஆழமில்லாத பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை உள்ளே வைத்து, மூக்கால் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே காற்றை விடுங்கள். குமிழி நிற்காமல் வர வேண்டும். பக்கவாட்டில் திரும்பி வாயால் இழுத்துவிட்டு மறுபடி முனகுங்கள். ஆரம்பத்தில் நான் இதை மட்டும்தான் செய்தேன். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் சரசரவென்று போய்வந்துகொண்டிருப்பார்கள், பார்க்காதீர்கள். இது உடம்பில் ஏறிய பிறகுதான் மற்றதெல்லாம் ஏறும். மூச்சை அடக்கி உள்ளேயே கிடக்கும் பயிற்சி இது இல்லை. அதைத் தனியாகச் செய்தால் தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும் ஆபத்து உண்டு.

மூச்சு வந்துவிட்டால் தலை தானாகவே இறங்கும். பார்வை குளத்தின் அடித்தரையில் இருக்கட்டும். தலை ஏறினால் கால் இறங்கும், தராசு மாதிரி. என் கால் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. வீடியோ எடுத்துப் பார்க்கலாம் என்பார்கள், ஆனால் பெண்கள் நேரத்தில் போன் கொண்டுபோக முடியாது, அந்த விதி சரியானதும்கூட. கூட வரும் ஒரு காலேஜ் பெண்ணிடம் நீச்சல் கண்ணாடி போட்டுத் தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கச் சொன்னேன். "அக்கா, கால் ரெண்டும் தரையைத் தொடப் போகுது" என்றாள். தலையைக் கொஞ்சம் அழுத்தியதும், "இப்ப மேல வந்துருச்சுக்கா" என்றாள். பக்கத்தில் இப்படி ஒரு ஆள் இருந்தால் போதும். கோச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்லவர் கிடைத்தால் அவர் காட்டுவது பெரிய உதவி. கிடைக்காதவர்கள் என்ன செய்வது என்பதைத்தான் எழுதுகிறேன்.

மூச்சு எடுக்கத் தலையைத் தூக்காதீர்கள், தோளோடு சேர்த்துத் திருப்புங்கள். கண்ணாடியில் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கை தோளுக்கு நேராக உள்ளே இறங்கட்டும், தலைக்கு முன்னால் குறுக்கே போனால் உடம்பு வளைந்து வளைந்து போகும். முழங்கையை உயர்த்தி வைத்து, முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டும். காலைத் தொடையிலிருந்து சின்னதாக அடியுங்கள். கிணற்றில் தண்ணீர் தெறிக்க அடித்த பழக்கத்தை விட்டுவிடுங்கள், தொடை பெரிய தசை, மூச்சை அதுதான் குடித்துவிடும். வேகம் கூடக்கூட தண்ணீரின் தடை ஏறக்குறைய அதன் இருமடி வீதத்தில் ஏறுகிறது. அதனால் பலத்தைக் கூட்டுவதைவிட உடம்பை நீட்டிக் கிடைமட்டமாக வைப்பதில்தான் நமக்கு லாபம்.

நீங்கள் ஆணாக இருந்தால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. காலையிலும் போகலாம், வேலை விட்டும் போகலாம். நான் போகும் குளத்தில் பெண்களுக்கு என்று தனியாக ஒதுக்கிய நேரம் காலை பதினொரு மணி. வேலைக்குப் போகிற எந்தப் பெண் அந்த நேரத்துக்கு வருவாள்? மதினி ஒருத்தி ஆசையாகச் சேர்ந்து, லீவு போட முடியாமல் நின்றுவிட்டாள். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1908 முதல் இருக்கும் 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் பெண்களுக்கு டோக்கியோ 2020-இல்தான் வந்தது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஒரு மணி நேரத்தை மாலைக்கு மாற்றித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் குளம் நடத்துகிற யாராவது இதைப் படிக்கட்டும்.

பேடில் இப்போது வேண்டாம். கை இறங்கும் இடம் சரியில்லாதபோது அதை மாட்டினால் பாரம் முழுக்கத் தோளில் விழும், இந்த வயதில் தோள் வலி வந்தால் சீக்கிரம் போகாது. அந்தக் காசில் முகத்துக்குச் சரியாகப் பொருந்துகிற நல்ல கண்ணாடி வாங்குங்கள். பட்டையை இழுத்துக் கட்டாமலே, கண்ணில் வைத்து லேசாக அழுத்தியதும் ஒட்டி நிற்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.